தொண்டைப் புற்றுநோயும் கழுத்து ஸ்கேனும்: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

தமிழ்நாடு அரசின் சமுதாய அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் 2023ஆம் ஆண்டு ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் தொடங்கியது; பின்னர் விரிவாக்கப்பட்டது. அதில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே பரிசோதிக்கப்படுகின்றன. தொண்டை அதில் இல்லை. வாயைத் திறந்தால் தெரியும் இடமன்று அது. ஆகவே திருப்பாலைக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உள்ளோர், "கழுத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்பது இயல்பே.

போதாது. அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகள் காற்றைக் கடந்து செல்வதில்லை. குரல்வளையின் உட்புறமோ காற்று நிறைந்த குழாய். வயது முதிர்ந்த ஆண்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பு சுண்ணமேறிக் கெட்டிப்படுவதால் தடை மேலும் கூடுகிறது. இந்நோய் மிகுதியாக வருவதும் அவர்களுக்கே. குரல் நாணில் தோன்றும் சிறிய புண் இந்த ஸ்கேனில் தென்படாமல் போகலாம். எனவே "ஸ்கேன் நார்மல்" என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு குரல் கம்மலைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்படியானால் மருத்துவர் இந்த ஸ்கேனை ஏன் எழுதித் தருகிறார்? கழுத்து நிணநீர்க் கணுக்களுக்காக. தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் பரவுவது அங்கேதான். நலமான கணு அவரை விதைபோல் நீள்வட்டமாக, நடுவில் வெண்ணிறக் கொழுப்புப் பகுதியுடன் காணப்படும். உருண்டு திரண்டு, அக்கொழுப்பை இழந்து, ஓரங்களில் முறையற்ற இரத்த ஓட்டம் காட்டும் கணு ஐயத்துக்குரியது. ஐயம் மட்டுமே, காசநோயும் இதே தோற்றத்தைத் தரும். அதனால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கணுவினுள் செலுத்தி அணுக்களை எடுத்து ஆய்வு செய்கிறோம். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. மாறாக, ஊசிப் பரிசோதனைக்கு முன்பே கட்டியை வெட்டி எடுக்கச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

மூல நோயை உறுதிசெய்ய உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனையும் திசு ஆய்வும் இன்றியமையாதவை. ஆழத்தை அறிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். சிகிச்சைக்குப் பின் கழுத்தைக் கண்காணிக்க, கதிரியக்கமற்ற அல்ட்ராசவுண்ட் மீண்டும் உதவும்.

ஸ்கேன் எந்திரத்தை முகாமாக ஊருக்கே கொண்டுவரக் கூடாதா என்றும் கேட்கிறார்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், கையடக்க எந்திரங்களை இடம் மாற்றிப் பயன்படுத்துவதற்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கின்றன. நியாயமான கட்டுப்பாடே.

கடலில் கத்திக் கத்திக் கம்மிய குரல், உப்புக் காற்று என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோரைக் காண்கிறோம். மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மலோ கழுத்துக் கட்டியோ, விழுங்கும்போது வலியோ, ஒரு பக்கக் காது வலியோ நீடித்தால், குறிப்பாகப் புகையிலை, மது பழக்கமுள்ளவர்கள், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, முன்பு எடுத்த ஸ்கேன் படங்கள் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களும் வேண்டும்.