கேட்டுச் சமைத்த காலம்

சமையற்கலை நம்மிடையே கேள்விஞானமாகவே வளர்ந்து வந்தது. உறவினர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததன் விளைவுதான் 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. புளி எவ்வளவு, எப்போது இறக்குவது என்ற கேள்விகளும், ‘எங்கள் ஊரில் அப்படியில்லை’ என்ற மறுப்புமே அக்கலையின் உயிர். அந்தப் பேச்சு அருகிவருவதை எண்ணி ஏங்குகிறோம். ஏக்கத்தோடு நின்றும் விடுகிறோம்.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டையும் அதைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தையும் எடுத்துக்கொள்வோம். பல மாவட்டப் பெண்கள் ஆலை வேலைக்காக இங்கே விடுதிகளில் சேர்ந்து தங்குகிறார்கள். தேங்காய் அரைத்துவிடும் நாஞ்சில் நாட்டு மீன்குழம்பும் கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சோறும் வாதாட இதைவிட நல்ல களம் ஏது? ஆனால் விடுதிவாசிகளின் வசம் அடுப்பு இல்லை. சமைக்க வழியற்றவர்க்கு உணவைப் பற்றிப் பேச மிஞ்சுவது முறையீடு மட்டுமே. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அந்த முறையீடு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது, வரவேற்கிறோம். இத்தகைய விடுதிகளில் தளத்துக்கு ஒரு பொது அடுப்பும் ஒரு மிக்ஸியும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. வார விடுமுறையில் தாமே சமைக்கட்டும், அடுத்தவள் குழம்பில் குறை சொல்லட்டும். அந்தச் சச்சரவு மீண்டும் கேட்க வேண்டும்.