வெள்ளிக்கிழமை மீன்



தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம் காக்கும் நம் இல்லங்களில் மீன்குழம்பு மணப்பது வழக்கம். ஆனால் மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கும், புதுவையிலிருந்து விழுப்புரத்துக்கும் ஏறத்தாழ 35, 40 கிலோமீட்டர் வெயிலில் கடந்தே மீன் வருகிறது. ஐஸின்றி வந்த மீன் எத்துணை மலிவாயினும் வேண்டாம்.

கண் புடைத்துப் பளபளக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரல் அழுத்திய குழி உடனே மறைய வேண்டும் என்பதைத் தாய்மார் அறிவர். பலர் அறியாதது வேறொன்று. கானாங்கெளுத்தி (நம் பக்கத்தில் கானாங்கத்தை), சூரை, மத்தி ஆகியவை வெப்பத்தில் கிடந்தால், நுண்ணுயிர்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. பிறகு ஐஸில் இட்டாலும் நீங்காது. நாற்றமும் இல்லாதிருக்கலாம்! உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் தடிக்கும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்நாள்களில் தொலைவிலிருந்து வரும் மீனே மிகுதியாதலால் இருமடங்கு கவனம் தேவை.

வீடு சேர்ந்ததும் குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காற்றுப் புகாது கட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். கீழ்த்தட்டில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். உறைந்த மீனை முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள். அடுப்பங்கரை மேடையில் வைக்காதீர்கள்.

மின்தடை நீண்டு மீன் உருகி வெதுவெதுப்பாகிவிட்டால் எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று அதைத் தாமே உண்ணும் தாய்மாரும், வேலைக்கு வரும் அம்மாளிடம் கொடுத்தனுப்புவோரும் உண்டு. அந்த அம்மாளின் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.