வழிகாட்டல் பிளஸ் ஒன்னில் தொடங்கட்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் திருவண்ணாமலை பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையும், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தகப்பனும் நிற்பார்கள். "என்ன கோர்ஸ் போடணும்?" என்று அவர்களிடம் கேட்பவர் கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர். அவருக்கு மாணவரையும் தெரியாது, படிப்புகளைப் பற்றியும் அதிகம் தெரியாது. மாணவரைத் தெரிந்த பள்ளிக்கூடமோ கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும்.

இந்த நிலை மாற வேண்டும். உயர்கல்விக்கு வழிகாட்டுவது மே மாதத்து நிகழ்ச்சியாக இருந்தது போதும். பிளஸ் ஒன் வகுப்பிலேயே தொடங்கும் அன்றாடப் பள்ளி வேலையாக அது ஆக வேண்டும். அதற்கு ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும்.

தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் தொடங்கின. கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2021–22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்விச் சேர்க்கை நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு, தமிழகத்தில் 47. பணமும் இடமும் ஒதுக்கியாயிற்று. தகவல் மட்டும் பிந்தி வருகிறது.

சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. ஐஐடி, என்ஐடி செல்ல எழுத வேண்டிய ஜேஇஇ மெயின் முதல் கட்டம் ஜனவரியில். அதற்கு விண்ணப்பிக்கும் காலம் நவம்பரை ஒட்டி முடிந்துவிடும். திருவண்ணாமலையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர க்யூட் தேர்வு எழுத வேண்டும். அதற்கும் பொதுத்தேர்வு முடிவுக்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். மே மாதம் மேடையில் இவற்றையெல்லாம் விளக்கினால், ரயில் போன பிறகு டிக்கெட் கொடுத்த கதைதான்.

அதைவிடப் பெரிய முடிவு பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் குரூப். தோழி எடுத்தாள் என்று கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்த பெண்ணுக்குப் பொறியியல் கதவு பெரும்பாலும் அன்றே சாத்தப்படுகிறது. அது அவளுக்குத் தெரியவருவது இரண்டு ஆண்டு கழித்து.

கல்லூரிக்குள் போகும் பாதையும் ஒன்றல்ல. பொறியியல், கலை அறிவியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனிக் கடைசித் தேதி. வாழவச்சனூரில் அரசு வேளாண்மைக் கல்லூரியும் ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. திருவண்ணாமலையிலும் செய்யாற்றிலும் இருக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஏறத்தாழ அறுபது வயது. இவை இருப்பதை அறிந்தவர்களில்கூட எதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரிந்தவர்கள் குறைவு.

சான்றிதழ் விஷயத்தைப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைத்துவிடும். ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடி மாணவருக்கோ கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். அந்த அலுவலகம் மலையில் இல்லை. பெற்றோர் எஸ்டேட் வேலைக்கோ பெங்களூரில் கட்டட வேலைக்கோ போயிருந்தால் விசாரணைக்கு யார் வருவது? கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்று குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா பயன்படுத்தியிருந்தால் தம்பிக்கு இல்லை. 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. இந்தச் சலுகைகளைப் பெறக் கவுன்சலிங் வழியாகவே சேர வேண்டும். முடிவு வந்த மறுநாளே போனில் அழைக்கும் தனியார் கல்லூரி ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். "இப்பவே அட்வான்ஸ் கட்டுனா சீட் கன்ஃபார்ம்" என்பார். நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த ஏழை மாணவர் கட்டணச் சலுகையை இழந்து கடனாளி ஆகிறார். இத்தகைய ஏஜென்ட்களிடம் மாணவர்களின் போன் எண் பட்டியல் போய்ச் சேராமல் தடுப்பது கல்வித் துறையின் கடமை.

செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் ஷூ கம்பெனியில் பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்குச் சேரும் பெண்களும் உண்டு. வேலைக்குப் போவதில் குறையில்லை. பாலிடெக்னிக், ஐடிஐ, நர்சிங், கலைக் கல்லூரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தால் அது அவர்கள் முடிவு. வேறு வழி இருப்பதே தெரியாமல் போனால் அது பள்ளியின் தோல்வி.

கார்த்திகை தீபத்துக்கு எத்தனை பேருந்து விடுவது, எங்கே வண்டி நிறுத்துவது, எங்கே குடிநீர் வைப்பது என்று திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் எத்தனையோ வாரங்கள் முன்பிருந்தே கூட்டம் போட்டுத் திட்டமிடுகிறது. வெளியூர்க் கூட்டத்துக்குக் காட்டும் அந்த முன்யோசனையில் பாதி நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தாலே போதும்.

அதற்கு இப்போது நல்ல வாய்ப்பும் அமைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாகியுள்ளது. அப்படிக் கிடைத்த ஆண்டைப் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடப் பயன்படுத்தும் ஆசை பல பள்ளிகளுக்கு வரும். அதை அனுமதிக்கக் கூடாது. வாரம் ஒரு பாடவேளையை உயர்கல்விக்கும் வேலைக்கும் ஒதுக்க வேண்டும். வருவாய்த் துறையினர் பள்ளிக்கே வந்து முகாம் நடத்தி, சாதி, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றுகளைப் பிளஸ் ஒன் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரில் இந்த முகாமுக்குக் கோட்டாட்சியரே வரட்டும். பிளஸ் டூ வகுப்பில் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நுழைவுத் தேர்வு விண்ணப்பங்களைப் பள்ளியின் ஹைடெக் லேபிலேயே நிரப்பட்டும். ஓடிபி மாணவர் வீட்டு போனுக்கு வரட்டும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணுக்கு வேண்டாம். பத்தாம் வகுப்புப் பெற்றோரை ஜனவரியிலேயே அழைத்து, எந்த குரூப் எந்தப் படிப்புக்குப் போகும் என்று பேச வேண்டும்.

ஏற்கெனவே ஆசிரியர் பற்றாக்குறை, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் பணி. இதில் இன்னொரு சுமையா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதைக் கூடுதல் பொறுப்பாகத் தலையில் கட்டக் கூடாது என்கிறோம். பொறுப்பேற்கும் ஆசிரியருக்குப் பாடவேளைகளைக் குறைத்து, முறையான பயிற்சி தர வேண்டும். வழிகாட்டிக் குழு என்று பலர் பெயரை எழுதி ஒட்டினால், எல்லோர் வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிடும். இங்கிலாந்தில் 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு அரசுப் பள்ளியும் இதற்கென ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டு நெறி கொண்டுவந்தது. எல்லாம் போனிலேயே இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போனில் இருப்பது தகவல். உனக்கு இது சரிப்படும் என்று சொல்ல, இரண்டு ஆண்டு பார்த்துப் பழகிய ஆசிரியர் வேண்டும்.

2025-இல் மாநிலத்தின் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. தேர்ச்சி பெறுவது இனிப் பெரிய கேள்வியே அல்ல. ஆனாலும் மாவட்டங்களைத் தேர்ச்சி விகிதத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறோம். எமிஸ் எண் இருக்கும்போது மாணவர் எங்கே போனார் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் பள்ளிவாரியாக இன்னொரு பட்டியலும் வெளிவர வேண்டும்: எத்தனை பேர் எந்தப் படிப்பில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எங்கும் சேரவில்லை, ஏன். திருவண்ணாமலை மாவட்டமே அதைத் தொடங்கி வைக்கட்டும். அந்தப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டி, பெற்றோர் கேட்கும் கேள்விக்குத் தலைமையாசிரியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் பதில் சொல்லட்டும்.