தளர்ச்சி தலையெழுத்தா?

அறுபது வயதாகிவிட்டால் மூலையில் உட்கார வேண்டியதுதான் என்று பிறர் சொல்வதும், அதை நம்பிப் பெரியவர்கள் திண்ணையோடு கிடப்பதும் நமது நாட்டில் வழக்கமாயிருக்கிறது. கேட்டால், "தளர்ச்சி வந்துவிட்டது, தலையெழுத்து" என்கிறார்கள்.

தளர்ச்சி வந்ததால் உட்கார்ந்தார்களா, உட்கார்ந்ததால் தளர்ச்சி வந்ததா என்று நாம் கேட்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் விடுதியிலிருந்த 90 வயதையொட்டிய 10 பேருக்குக் காலால் பளுத் தூக்கும் பயிற்சியை 8 வாரம் கொடுத்துப் பார்த்து, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேருக்கும் கால்பலம் சராசரி 174 சதவீதம் அதிகப்பட்டது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். எட்டு வாரத்தில் மாறுவது தலையெழுத்தாகுமா?

65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரம் 150 நிமிஷமாவது வேகமாய் நடப்பது போன்ற உழைப்பும், கீழே விழாதிருக்க வாரம் 3 நாள் உடம்பை நிலைநிறுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. இதற்குக் காசு வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதும் பயிற்சிதான். நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கட்டும்.

பிள்ளைகளே! "நீங்கள் சும்மா இருங்கள்" என்பதை மரியாதையென்று எண்ணாதீர்கள். அந்த மரியாதையே அவர்களை முடமாக்கிவிடும். பெரியோர்களே! தன் காலில் தானே நிற்பதும் சுயமரியாதைதான். இன்றே எழுந்து நடவுங்கள்!