ஆசாரிய ரேயின் ஆராய்ச்சி நெறியும் நமது கடமையும்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடுங்கால் தான் பெற்ற மைந்தரை எண்ணிப் பார்த்தல் வழக்கம். மருத்துவர் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், நியாயவாதிகளும் நிருவாக சேவையாளரும் இத்துணையர் என நிரல்படுத்தி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி தக்கதே. ஆயின், தம் வாழ்நாளை ஆய்வுகூடத்திற் செலவிட்டு ஒரு பொருளின் இயல்பை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியோர் அந்நிரலில் எத்துணையர் என்று கேட்பார் அரியர். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் யாவும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதனை விளக்குதற்கு, வங்கத்து இரசாயன அறிஞர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ரேயின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாகும். அவரைத் தேசபக்தரென்றும் துறவியனைய எளிமையரென்றும் போற்றுவோர் பலர். அவர் கந்தகச் சேர்வைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

ரே 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று பங்களாதேசத்தில் அடங்கியுள்ள ராருளி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1882இல் கில்கிறைஸ்ற் புலமைப்பரிசில் பெற்று எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்றார். துருசு முதலிய சல்பேற்று உப்புகள் ஒன்றோடொன்று கூடிப் படிகமாகும் முறையை ஆராய்ந்து, 1887இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, 1889இல் கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியில் மாதம் 250 ரூபாச் சம்பளத்தில் உதவிப் பேராசிரியரானார். ஒத்த தகுதியுடைய ஐரோப்பியர் உயர்ந்த சேவைப் பிரிவில் அமர, இந்தியர் என்ற காரணத்தால் அவர் தாழ்ந்த பிரிவில் வைக்கப்பட்டார். அநீதியை அவர் எடுத்துரைத்தார். அதனைக் காரணங்காட்டி ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர்.

1896இல் அவர் வெளியிட்ட மேர்க்கூரசு நைத்திரைற்றுப் பற்றிய ஆராய்ச்சி அவருக்குப் பெரும்புகழ் தந்தது. இரசத்தில் தொடங்கிய அவ்வழியே அவரைக் கந்தகத்திடம் கொண்டுசென்றது. இரசமும் கந்தகமும் நமக்குப் புதியனவல்ல. இரண்டையுஞ் சேர்த்து அரைத்தாற் கருநிறப் பொடியாகும் என்பதும், அதனை முறைப்படி எரித்துப் பதங்கித்தாற் செந்நிற இலிங்கமாகும் என்பதும் நமது சித்த மருத்துவர் அறிந்தவை. ரேயும் இப்பழைய அறிவைப் புறக்கணித்தவரல்லர். பழஞ்சுவடிகளை ஆராய்ந்து இந்து இரசாயன வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். எனினும் முன்னோர் பெருமை பேசுவதோடு அவர் அமைந்தாரல்லர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தாமே உலையும் குடுவையும் ஏந்தினார்.

ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்திற் கந்தகத்தைக் கொண்ட மதுசாரங்களை மேர்க்கப்தன்கள் என்பர். 1834இல் டென்மார்க்கு நாட்டுச் செய்சே அவற்றுக்கு அப்பெயரை இட்டார்; இரசத்தைப் பற்றிக்கொள்வது என்பது அதன் பொருள். அவற்றின் நாற்றம் சகித்தற்கரியது. அவ்வாறாயினும், ரே இரச நைத்திரைற்றுக்களையும் மேர்க்கப்தன்களையும் தாக்கமுறச் செய்து, கந்தக அணுக்கள் சங்கிலியெனத் தொடர்ந்த சேர்வைகளைப் பெற்று 1916இல் வெளியிட்டார். அப்போது அவர் வயது ஐம்பத்தைந்து. பிரெசிடென்சிக் கல்லூரியினின்று ஓய்வு பெற்ற ஆண்டும் அதுவே. பின்னர்ப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியிற் பாலித் பேராசிரியராகி, கந்தகச் சேர்வைகளோடு பிளாற்றினம், பொன் முதலியன கூடும் வகையை 1920களில் ஆராய்ந்தார். பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் புதியதொரு துறையில் இறங்கியமை நம் ஆசிரியர் யாவரும் சிந்திக்கத்தக்கது.

இத்தகைய ஆராய்ச்சியால் நாட்டுக்கு வரும் பயன் யாதென வினவலாம். 1892இல் ஏறத்தாழ 700 ரூபா முதலோடு ரே தொடங்கிய வங்க இரசாயனத் தொழிலகம் 1901இல் வரையறுத்த கம்பனியாயிற்று. கந்தக அமிலமும் மருந்துகளும் ஆக்கிப் படித்த இளைஞர்க்குத் தொழில் தந்தது. நம் நாட்டிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். தன்னளவில் மணமற்ற சமையல் வாயு கசிவதை அறிவதற்காக அதனோடு சிறிதளவு எதயில் மேர்க்கப்தன் சேர்க்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் வாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, அதன் அளவு நீதிமன்றம் வரை பேசுபொருளாயிற்று. இரசாயன அறிவைப் பேணாத நாடு, விபத்து நேர்ந்த பின்னரே பொருளின் பெயரைக் கற்கிறது.

ரேயின் ஆராய்ச்சிக்கட்டுரைகளிலும் மேலான செல்வம் அவருடைய மாணவர். ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி, நீல ரத்தன் தார் முதலியோர் அவரிடம் பயின்று இரசாயனத்தை இந்தியாவெங்கும் நிலைநாட்டினர். மேகநாத் சாஹாவும் சத்தியேந்திரநாத் போசும் அவர் வகுப்பிலிருந்தவர்களே. 1924இல் இந்திய இரசாயனக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1921இல் அறுபது வயது நிறைந்தபின் தம் சம்பளத்தைத் தமக்கென எடாது இரசாயனப் பகுதியின் வளர்ச்சிக்கே விட்டார். விஞ்ஞானக் கல்லூரியின் ஓர் அறையே அவர் இல்லம். 1944 ஜூன் 16ஆம் நாள் மறைந்தார்.

இனி நம் நிலையை நோக்குவோம். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இலேயே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழிற் பெற்றவர்கள் நாம். இன்றோ மருத்துவபீடம் கிட்டாதவன் சென்று சேரும் இடமாக விஞ்ஞானபீடத்தை எண்ணுகின்றோம். அங்கு அனுமதி பெற்ற பிள்ளையைத் தோற்றவன்போலத் தேற்றுகின்றோம். செய்முறையைக் கையாற் செய்து பாராது, வினாவிடையாக மனனஞ் செய்து தேர்வெழுதுவோர் பெருகிவிட்டனர். இரசாயனம் கற்றாற் பிழைப்பெங்கே என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போர்க்காலத்தில் நின்றுபோயிற்று. ஆயினும், தொழில் தோன்றிய பின்னர் அறிஞரை ஆக்குவோம் எனக் காத்திருத்தல் அலை ஓய்ந்தபின் கடலாடக் காத்திருப்பதனை ஒக்கும். ரே தொழிலகங் கண்ட காலத்தில் அவருக்கு அங்கே தொழிலகம் காத்திருக்கவில்லை.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றேன். விழாவுக்கெனத் திரட்டும் பணம் வளைவுகளாகவும் மண்டபங்களாகவும் மட்டும் நிற்றல் போதாது. ஒரு பகுதி ஆய்வுகூடத்தைச் சேர்க. நச்சுப்புகை போக்கும் நல்லதோர் அடைப்பும், பிழையற நிறுக்குந் தராசும், ஆண்டுதோறும் தடையின்றி வாங்கப்படும் இரசாயனப் பொருள்களும் வேண்டும். விருப்பத்தோடு இரசாயனத்தைத் தெரிந்தெடுக்கும் வறிய மாணவன் ஒருவனுக்குப் பட்டம் பெறுமளவும் உதவும் நிதியொன்று வேண்டும். பிறநாட்டு ஆய்வுகூடங்களிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஊருக்கு வருங்கால், மேடையில் மாலை ஏற்பதோடமையாது, ஒருநாளேனும் மாணவரோடு நின்று பரிசோதனை செய்துகாட்டல் வேண்டும். மாணவர்க்கும் ஒரு சொல்: மருத்துவனாதல் பெருமையே; ஆனால் மருந்தின் மூலக்கூற்றை ஆராய்ந்து அமைப்பவனாதல் அதனினுங் குறைந்ததன்று.

அடுத்த விழா மலரின் நிரலில் மருத்துவர்க்கும் பொறியியலாளர்க்கும் அருகே இரசாயன ஆராய்ச்சியாளர் பெயர்களும் இடம்பெறுமாயின், இவ்விழா எடுத்ததன் பயனை நாம் முழுதும் எய்தியவராவோம்.