பாலைவனத்து லயம்

போர்ட்டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் தொழில் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது ருவைஸ் மேலதான் கண். அபுதாபி நகரிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர். கடலோரப் பாலையில் ஆலையை நம்பி எழுந்த ஊர். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, கம்பெனி வீடு உண்டு. "வெயில் தாங்குமாடா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வெயிலா பிரச்சினை? ஏர்கோன் இருக்கு.

வேலை போனால் அந்த வீடு யாருக்கு? விசாவும் பெரும்பாலும் வேலையோடு ஒட்டினதுதான். பகாவ், லிங்கி பக்கம் நம் தாத்தா பாட்டி லயத்தில் இருந்ததும் இதே கணக்கில்தான். தோட்டம் கைமாறினால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது எதற்காம்? பால் மரம் வெட்டினவர்களுக்குப் புரிந்தது, டிகிரி வாங்கின நமக்குப் புரியலை. முதல் போனஸில் காடி, அடுத்ததில் துபாய் ஷாப்பிங்!

போங்க, தாராளமா போங்க. ஆனால் முதல் வருசச் சம்பளத்திலேயே சிரம்பானில் சொந்தப் பெயரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுங்க. அதுக்கு மனசில்லைன்னா போர்ட்டிக்சனிலேயே இருங்க. சம்பளம் குறைவுதான், அம்மாவாவது பக்கத்தில் இருப்பாங்க.