எரேமியாவின் கடிதத்தில் ‘உங்கள்’ என்பவர் யார்?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தமிழ்ச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டைகள் வழங்கப்படுகின்றன. ஆளுக்கொரு வசனம், அதுவே அவருக்கு அவ்வாண்டுக்குரிய தேவவாக்கு. அவ்வட்டைகளில் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா 29:11. தம் மக்களைக் குறித்துத் தாம் கொண்டுள்ள நினைவுகள் தீமைக்கானவை அல்ல என்று கடவுள் உறுதியளிக்கும் வசனம் அது. வேலை தேடுபவர் அதை வேலைக்கான உறுதியாக வாசிக்கிறார். குழந்தைக்காகக் காத்திருப்பவர் குழந்தைக்கான உறுதியாக வாசிக்கிறார். ஆண்டு முடிந்தும் ஒன்றும் நிகழாதபோது, குறை வாசிப்பு முறையில் தேடப்படுவதில்லை. வாசித்தவரின் விசுவாசத்தில் தேடப்படுகிறது. இதுதான் இப்பிழையின் கொடுமை.

அவ்வசனம் ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் கைவினைஞரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். எருசலேமில் எஞ்சியிருந்த எரேமியா அவர்களுக்கு எழுதியனுப்பினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள். இப்போதைக்குத் திரும்பப்போவதில்லை என்பதே இதன் பொருள். 11ஆம் வசனத்துக்கு முந்தைய வசனம் காலத்தையே குறித்துவிடுகிறது: 70 ஆண்டுகள். கடிதத்தைக் கையில் வாங்கிய மூப்பர்கள் தாயகம் காணப்போவதில்லை.

முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அனனியா என்பவன் ஆலயத்தில் அனைவர் முன்னிலையிலும், இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவிடும் என்று அறிவித்தான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். அவ்வகை வாக்குகள் பாபிலோனிலும் உலவின. அவற்றுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்று கடிதமே எச்சரிக்கிறது. ஓராண்டு அட்டையோ அனனியாவின் தவணையிலும் குறுகியது.

எபிரேய மூலத்தில் இங்குள்ள முன்னிலைச் சொற்கள் பன்மை. ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் இன்று ஒரே சொல்தான் என்பதால் அங்கே இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. தமிழில் மறைய வேண்டியதில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய மொழிபெயர்ப்பில் ஒருவனுக்கு ‘நீ’, கடவுளுக்கும் மரியாதைக்குரியோருக்கும் ‘நீர்’, பலருக்கு ‘நீங்கள்’. எரேமியாவின் கடிதத்தில் ‘உங்கள்’ என்றே வருகிறது. ஆனால் அதன்பின் தமிழ் நகர்ந்துவிட்டது. முற்காலத்தில் பன்மையாயிருந்த ‘நீர்’ மரியாதை ஒருமையானதைப் போலவே, ‘நீங்கள்’ என்பதும் இன்று மரியாதை ஒருமையாகவும் வழங்குகிறது. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அறியாதவரும் நமக்கு ‘நீங்கள்’தான். ஆகவே சிறைப்பட்ட ஒரு சமூகத்தை நோக்கிய சொல்லைத் தன்னையே மரியாதையுடன் விளிப்பதாக இன்றைய வாசகர் கேட்கிறார். மொழிபெயர்த்தவர்கள் தவறவில்லை, சொல்லின் பொருள் விரிந்துவிட்டது.

இன்னொரு சொல் ‘சமாதானம்’. எபிரேயத்தில் ஷாலோம். சில ஆங்கிலப் பெயர்ப்புகள் 11ஆம் வசனத்தில் இதைச் செழிப்பு எனப் பெயர்த்துள்ளன. செழிப்பு உபதேசத்துக்கு அது வசதியாயிற்று. ஆனால் 7ஆம் வசனத்திலும் ஷாலோம்தான் வருகிறது. அங்கே நாடுகடத்தப்பட்டோர் தேட வேண்டியது பாபிலோன் நகரத்தின் சமாதானத்தை. தங்கள் நகரை வென்றவனின் தலைநகருக்காக மன்றாட வேண்டும்; அதன் நலத்தில்தான் அவர்கள் நலமும் இருக்கிறது. இந்த வசனத்தை அட்டையில் அச்சிட எவரும் விரும்புவதில்லை!

மத்தேயு 18:20க்கும் இதே கதி. வருகை குறைந்த ஜெபக்கூட்டங்களில் இரண்டு மூன்று பேர் போதும் என்று ஆறுதலாகச் சொல்லப்படும் வசனம் அது. அதிகாரம் பேசுவதோ குற்றம் செய்த சகோதரனைச் சபை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதை. இரண்டு மூன்று பேர் என்னும் எண்ணிக்கை சற்று முன்னர் சாட்சிகளைக் குறித்தே வருகிறது. 17ஆம் வசனம் வரை ‘நீ’, 18இல் ‘நீங்கள்’: தனியொருவரின் மனத்தாங்கல் சபையின் பொறுப்பாக மாறும் இடம் அது. தமிழில் அம்மாற்றம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது.

எரேமியாவின் வசனத்தில் தனியொருவருக்கு ஆறுதலே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. இருக்கிறது; ஆனால் அட்டை தரும் ஆறுதல் அல்ல. பாபிலோனில் தோட்டம் போட்டு, அதன் கனியை உண்டு, மகளுக்கு மணம் முடித்து, எருசலேமைக் காணாமலே இறந்துபோனவன் விசுவாசத்தில் குறைந்தவன் அல்லன். கடிதம் சொன்னபடியே வாழ்ந்தவன். ஆண்டிறுதியில் வெறுங்கையுடன் நிற்பவரிடம் சபை சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சொல்லப்படுவதோ, இன்னும் மூன்று நாள் உபவாசம் இருந்து பார்க்கலாம் என்பது.